ஜன்னலைத் திறந்தால் செங்கல் சுவர்: படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு என்ன படம் மாட்டலாம்?

ஆடாதொடை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மாமியாருக்கு 78 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கர் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடக்கிறார். மற்ற நேரமெல்லாம் படுக்கைதான்.

பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, வயதானது எல்லாம் மன்னார்குடிப் பக்கம். வாசலில் இறங்கினால் குளம், கொல்லையில் வாய்க்கால். இங்கே அவர் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து அபார்ட்மெண்டின் சுவர். பூச்சுகூடப் பூசவில்லை, வெறும் செங்கல். பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. டிவி போட்டால் அணைக்கச் சொல்கிறார்.

"பெரிதாக ஒரு இயற்கைக் காட்சி மாட்டினால் மனசுக்கு இதமா இருக்கும்" என்கிறார் என் கணவர். ஆன்லைனில் தேடினால் சுவிட்சர்லாந்து மலை, மேப்பிள் மரம், ஏழு குதிரை. அத்தை தன் வாழ்நாளில் மேப்பிள் மரத்தைப் பார்த்ததில்லை. நிஜமாகவே படத்தால் பலன் உண்டா? இல்லை, சுவரில் ஓட்டை போட்டு வீட்டுக்காரரிடம் திட்டு வாங்குவதுதான் மிச்சமா?

புள்ளிக்கோலம்

ஏழு குதிரை மட்டும் வேண்டாம் அக்கா. படுத்துக்கிடக்கிற மனுஷிக்கு எதிரே ஏழு குதிரை ஓடி வந்தால் எப்படித் தூக்கம் வரும்?

கிழக்குவாசல்

அதை அப்படிக் கேலி செய்யக் கூடாது. கிழக்கு நோக்கி மாட்டினால் வீட்டுக்கே நல்லது. எங்கள் வீட்டில் மாட்டிய பிறகுதான் பையனுக்கு வேலை கிடைத்தது.

சந்தேகப்பேர்வழி

குதிரை வாங்கிக்கொடுத்த வேலையைப் பற்றித் தனி இழை தொடங்கலாம். இங்கே கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் செங்கல் சுவர் என்று எழுதியதும் எனக்கு ஞாபகம் வந்தது ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய ஆய்வு. வீட்டில் படம் மாட்டச் சொல்லும் விளம்பரங்கள் முக்கால்வாசி கடைசியில் அதில்தான் போய் நிற்கும். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்தார். சில அறைகளின் ஜன்னலில் மரங்கள் தெரியும், சில அறைகளில் பழுப்புச் செங்கல் சுவர். வயது, பாலினம், உடல்வாகு என்று பொருத்தம் பார்த்து 23 ஜோடிகளாக ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாள் தங்கினார்கள், சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாள். கடுமையான வலிநிவாரணிகளும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

இதை வைத்துக்கொண்டு விற்பனைக்காரர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. மொத்தமே 46 பேர். அதைவிட முக்கியம், அங்கே இருந்தது ஜன்னல். நிஜ மரம், அசையும் இலை, மாறும் வெளிச்சம். அச்சடித்த படத்துக்கும் அதே பலன் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.

படத்தை வைத்தே செய்ததும் உண்டு. 1993இல் அதே உல்ரிச்சும் அவருடைய கூட்டாளிகளும் ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில், இதய அறுவை முடிந்து தீவிர சிகிச்சையில் கிடந்த சுமார் 160 பேருக்கு எதிரே வெவ்வேறு படங்களை வைத்தார்கள். மரங்கள் சூழ்ந்த திறந்த நீர்நிலைப் படத்தைப் பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறைவு. இருண்ட காட்டுப் படம் அந்த அளவுக்கு உதவவில்லை. கோடும் கட்டமுமான நவீனப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, எதுவுமே மாட்டாதவர்களைவிடப் பதற்றம் கூடுதல்! அதனால் 'படம்' என்றால் எதுவானாலும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. கெடுதலும் செய்யும்.

என் கணிப்பு: பலன் உண்டு, ஆனால் சின்னது. பணத்தைக் கொட்டாதீர்கள்.

ஆடாதொடை

திறந்த நீர்நிலை என்றதும் எனக்குக் குளம்தான் தோன்றியது. நன்றி. டிவியிலேயே ஆறு, அருவி வீடியோவை நாள் முழுக்க ஓடவிட்டால் என்ன என்று என் நாத்தனார் கேட்கிறார்.

சந்தேகப்பேர்வழி

அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கான் குழு, 2008. 90 பேர். கொஞ்சம் மன அழுத்தம் தரும் வேலையைக் கொடுத்து, அதன் பிறகு இதயத் துடிப்பு எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்று அளந்தார்கள். சிலருக்கு நிஜ ஜன்னல், சிலருக்கு அதே காட்சியை நேரலையாகக் காட்டும் பெரிய பிளாஸ்மா திரை, மற்றவர்களுக்கு வெறும் சுவர். ஜன்னல் வென்றது. திரையும் வெறும் சுவரும் ஒன்றுதான். நாத்தனாரிடம் மின்கட்டணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெள்ளைச்சீருடை

முப்பது வருடம் எலும்பு முறிவு வார்டில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். படத்துக்கு முன்னால் இரண்டு வார்த்தை.

"பேச்சு குறைந்துவிட்டது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள் அம்மா. அதை நான் கடந்து போக மாட்டேன். இடுப்பெலும்பு அறுவைக்குப் பிறகு வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வருவது மிகச் சாதாரணம். கத்துவார்கள், குழாயைப் பிடுங்குவார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சத்தமே இல்லாமல் சுருங்கிப் படுத்துக்கொள்ளும் வகையும் உண்டு. வீட்டார் "பாவம், களைப்பு" என்று விட்டுவிடுவார்கள். சில மாத்திரைகளாலும் வரும், சிறுநீர்த் தொற்றாலும் வரும், மலச்சிக்கலாலும் வரும். மனச்சோர்வாகவும் இருக்கலாம். காது கேட்கிறதா என்றும் பாருங்கள். மருத்துவமனையிலிருந்து வரும்போது கண்ணாடியும் காது மெஷினும் எந்தப் பையில் போனது என்றே தெரியாத வீடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். சாப்பாடு, தூக்கம் குறைந்திருந்தாலோ, "போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று பேசினாலோ மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இதையெல்லாம் பார்த்த பிறகு படம். கட்டிலில் படுத்திருப்பவரின் கண் எங்கே போகிறது என்று நீங்களே அதே தலையணையில் தலைவைத்துப் படுத்துப் பாருங்கள். நின்றுகொண்டு மாட்டுகிற படம் படுத்திருப்பவருக்கு நெற்றிக்கு மேலே எங்கோ இருக்கும். அவருக்குத் தெரிவது மின்விசிறி, டியூப்லைட், நாற்காலியில் குவித்த துணி. கால்மாட்டுச் சுவரில், நாம் வழக்கமாக மாட்டுவதைவிட நன்றாகத் தாழ்த்தி மாட்டுங்கள். அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிகிறதோ அந்தப் பக்கமும் பாருங்கள். அறுவை செய்த பக்கம் திரும்ப மாட்டார்.

கண்ணாடி போட்ட ஃப்ரேம் வேண்டாம். பகலில் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், ராத்திரியில் அதில் நிழல் தெரியும். குழப்பத்தில் இருப்பவர்கள் அந்த நிழலை யாரோ நிற்பதாக நினைத்துப் பயப்படுவார்கள். இருட்டுக் காடு, முறுக்கிய வேர், முகம்போலத் தோன்றும் பாறை, இதெல்லாம் சாயங்காலம் ஏழு மணிக்கு வேறு ஏதோவாகத் தெரியும். கண்புரை இருந்தால் நீலமும் பச்சையும் ஒன்றாகக் கலங்கும், மெல்லிய வாட்டர் கலர் எல்லாம் வெறும் அழுக்கு. பெரிய உருவம், தெளிவான விளிம்பு, நல்ல வெளிச்சம்.

படத்துக்குப் பக்கத்திலேயே பெரிய எண் போட்ட கடிகாரமும், தினசரி கிழிக்கிற காலண்டரும் வையுங்கள். இன்று என்ன கிழமை என்று தெரிந்திருப்பது எந்த ஓவியத்தைவிடவும் உதவும்.

இன்னொன்று. முடிகிற நேரமெல்லாம் கட்டிலைவிட்டு எழுப்பி நாற்காலியில் உட்காரவையுங்கள். பால்கனி இருந்தால் அங்கே. படம் நன்றாக இருக்கிறதே என்று படுக்கையிலேயே விட்டுவிடக் கூடாது.

ஆடாதொடை

அம்மா, கண்ணாடி நிஜமாகவே பையில்தான் இருந்தது. நான் இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தேடினேன். மருத்துவரிடம் வெள்ளிக்கிழமை போகிறோம், நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

கொல்லைப்புறம்

கோவையிலிருந்து. எனக்கு ஒன்று புரியவில்லை. ஜன்னல் கம்பி இருக்கிறது, அதில் நிஜச் செடியே வைக்கலாமே? எதற்குச் செடியின் படம்?

சங்குப்பூக் கொடி போடுங்கள். கயிறு கட்டிவிட்டால் கம்பியில் தானாக ஏறும், கொஞ்ச வாரத்தில் அந்தச் செங்கல் மறையும். வெயில் வராத ஜன்னல் என்றால் அது பூக்காது. அப்போது மணி பிளாண்ட், வெற்றிலைக் கொடி. வெற்றிலைக்கு நிழலும் ஈரமும் பிடிக்கும், டெல்டாக்காரர்களுக்கு அந்த இலையைக் கிள்ளிப் பார்க்கிற பழக்கமும் இருக்கும். தொட்டித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சென்னையில் கொசு.

சந்தேகப்பேர்வழி

இதை நான் முழுசாக ஆதரிக்கிறேன். பதிந்துகொள்ளுங்கள், அடிக்கடி நடக்காது.

மரச்சட்டம்

மதுரையில் ஃப்ரேம் கடை வைத்திருக்கிறேன். வெள்ளைச்சீருடை அம்மா சொன்ன கண்ணாடி விஷயம் சரி. கடையில் கேட்கவேண்டியது கேன்வாஸ் பிரிண்ட், அல்லது சன்போர்டில் (கனம் குறைந்த நுரை அட்டை) ஒட்டி மேட் லேமினேஷன். கிளாஸி வேண்டாம். ஃப்ளெக்ஸ் மலிவாக இருக்கிறது என்று போகாதீர்கள். புதிதாக அடித்த ஃப்ளெக்ஸின் வாடை அடைத்த அறையில் ரொம்ப நாள் நிற்கும், படுத்திருக்கிறவருக்குத் தலைவலி.

வாடகை வீட்டுக்கு: டபுள் சைட் டேப் ஹூக் எல்லாச் சுவரிலும் நிற்காது. டிஸ்டெம்பர் அடித்த சுவர் என்றால் பெயிண்ட்டோடு பிய்த்துக்கொண்டு விழும். கர்ட்டன் ராடு ஏற்கெனவே இருந்தால் அதிலிருந்து நைலான் கயிற்றில் தொங்கவிடலாம். கட்டிலுக்கு நேர் மேலே, தலைமாட்டில், கனமானது எதுவும் கூடாது. இதை நான் வாடிக்கையாளரிடம் சண்டை போட்டே சொல்வேன்.

மழைக்காலத்தில் குளியலறைச் சுவரை ஒட்டி மாட்டினால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். சுவருக்கும் படத்துக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி விடுங்கள்.

வரைபலகை

தாவரங்களை வரைவது என் தொழில். எல்லாரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்குக் கூரை ஞாபகம் வருகிறது.

புதுக்கோட்டை சித்தன்னவாசல் போயிருப்பீர்கள். அறிவர் கோயிலின் மண்டபக் கூரை முழுக்கத் தாமரைக் குளம். மொட்டு, விரிந்த பூ, வாடிய இலை, மீன், அன்னம், எருமை, யானை, நடுவில் இறங்கிப் பூப்பறிக்கும் ஆட்கள். சமணர்களுக்கு அது சமவசரணக் காட்சியோடு, அதாவது தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சபையோடு சேர்ந்தது. இன்று பெரும்பகுதி மங்கிவிட்டது. ஆனாலும் அண்ணாந்து பார்க்கும்போது தண்ணீருக்கு அடியில் நிற்கிறோமோ என்று ஒரு நொடி தோன்றும். நம் ஊரில் 9ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே குளத்தைத் தலைக்கு மேலே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

மரச்சட்டம் சார் கனம் கூடாது என்று சொன்னதால், துணி. ஆந்திரத்துக் காளஹஸ்தி கலம்காரியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். தஞ்சை, அரியலூர் பக்கத்துக் கருப்பூர் கலம்காரி புவிசார் குறியீடு வாங்கியது. கோயில் விதானத்துக்கும் தொம்பைக்கும் தோரணத்துக்கும் போட்ட துணி அது. அதில் கொடியும் பூவும் பறவையும் வரும். உங்கள் மாமியார் சப்பரத்தில் அதைப் பார்த்தே வளர்ந்திருப்பார்.

அப்புறம், காசே இல்லாமல் ஒரு வழி. சென்னை ராஜதானியில் ராபர்ட் வைட் என்ற மருத்துவர் தாவரங்களைத் தொகுத்தார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம்மவர்கள். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக 2,000க்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் வெளிவந்தன. கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார். அதற்கும் முன்னால் வில்லியம் ராக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர் வெளியிட்ட சோழமண்டலக் கரைத் தாவரங்கள், 300 வண்ணப் படங்கள், பனைமரம்கூட அதில் உண்டு. இரண்டுமே பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி இணையதளத்தில் இலவசம். வைட்டின் படங்கள் பெரும்பாலும் கறுப்புக் கோடுகள்தான். அச்செடுத்து வண்ணம் தீட்டச் சொல்லலாம். மாமியாருக்குத் தெரிந்த செடியாகப் பார்த்து எடுங்கள்.

புள்ளிக்கோலம்

வரைபலகை, ஐந்திணைப்படி பார்த்தால் குளமும் வயலும் மருதம். மருதத்துக்கு உரியது ஊடல். மாமியார் மருமகள் அறையில் மருதத்தை மாட்டச் சொல்கிறீர்களே!

வரைபலகை

ஊடல் தலைவன் தலைவிக்குத்தான், மாமியாருக்கு இல்லை. ஆனாலும் நெய்தலை மாட்டுவதைவிட இது மேல். அங்கே இரங்கல்.

பனங்கூடல்

சிரிப்பாகச் சொன்னீர்கள், ஆனால் அந்த இரங்கலைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிறோம், சொந்த இடம் வடமராட்சி. அப்பாவுக்கு வயது போனபிறகு, அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்துத் தம்பி ஒரு பெரிய பனங்கூடல் படத்தை வரவேற்பறையில் மாட்டினான். வடிவான படம். பின்னேர வெளிச்சம், வரிசையாகப் பனை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் பார்க்காத கதிரையில் மாறி இருக்கத் தொடங்கினார். பிறகு அம்மாதான் சொன்னா, அந்தக் காணியை நினைத்து இரவில் நித்திரை இல்லையாம். எங்கள் காணி அப்போது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. படத்தைக் கழற்றிவிட்டோம். அதே மனிசன் பேரப்பிள்ளை கிறுக்கிய மேப்பிள் இலையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்து வருகிற ஆட்களுக்கெல்லாம் காட்டுவார்.

தங்கச்சி, உங்கட மாமிக்கு ஊர் இன்னும் இருக்கிறது, போகலாம் வரலாம், அது வேற. ஆனாலும் மாட்டுவதற்கு முதல் அவவைக் கேளுங்கோ. இந்த இழை முழுக்க மற்ற எல்லாரும் சேர்ந்து அவவுக்குப் படம் தெரிவு செய்கிறோம்.

ஆடாதொடை

இது என்னைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டது அண்ணா. கேட்கவே இல்லை, உண்மைதான். இன்று ராத்திரி கேட்கிறேன்.

ஆடாதொடை

கேட்டேன். "எதுக்கு வீண் செலவு" என்றார். எல்லா மாமியார்களும் சொல்லுகிற பதில். கொஞ்சம் விட்டுவிட்டு, "குளத்துப் படம்னா எந்தக் குளம்?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

புள்ளிக்கோலம்

எந்தக் குளம் என்று கேட்டாரே, அது போதாதா!

சரி, நான் வேறு ஒன்று கேட்கிறேன். அத்தை கோலம் போடுவாரா? டெல்டாவில் மார்கழி வாசல் தெரியாதவர் இருக்க முடியாது. எங்கள் அம்மா முட்டி வலியால் குனிய முடியாமல் போனபோது, ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிக்கொடுத்தோம். தினமும் ஒரு கோலம். அது சரியில்லை என்று தோன்றினால் அழித்துவிட்டு மறுபடி. பழைய கோல நோட்டு எங்கே என்று வீட்டையே தலைகீழாக்கித் தேடினார், கிடைத்ததும் எனக்குக் கட்டளைகள் ஆரம்பித்தன: நாளைக்கு வாசலில் இதுதான், வரிசைக்கு ஒன்பது புள்ளி, இடைப்புள்ளி கிடையாது.

இயற்கை ஓவியம் என்று தனியாக எங்கே தேடுவது? தாமரை, கிளி, செம்பருத்தி, மாங்காய், பூசணிப்பூ எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஹிருதய கமலம் என்று ஒன்று உண்டே, எட்டுத் திசையிலும் ஐந்தைந்து புள்ளி, கை எடுக்காமல் இழுத்தால் கடைசியில் தாமரை விரியும். அதைப் போடும்போது வேறு எதையும் நினைக்க முடியாது, நினைத்தால் இழை தப்பிவிடும். எங்கள் அம்மா கவலையாக இருக்கிற நாளில் பூக்கோலம் போட மாட்டார், சிக்குக் கோலம்தான் போடுவார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

சந்தேகப்பேர்வழி

இதற்கு என்னிடம் ஒரு ஆய்வு இருக்கிறது, குறையோடு சேர்த்தே தருகிறேன். 2016, அமெரிக்காவில் டிரெக்சல் பல்கலைக்கழகம், கிரிஜா கைமல் குழு. 39 பேர், 45 நிமிடம், களிமண்ணோ ஸ்கெட்ச் பேனாவோ வெட்டி ஒட்டுவதோ எது வேண்டுமானாலும். முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு பார்த்தார்கள். முக்கால் பங்குப் பேருக்குக் குறைந்தது. ஏற்கெனவே வரையத் தெரிந்தவரா இல்லையா என்பது பொருட்டாக இல்லை. குறை என்ன? ஒப்பிட இன்னொரு குழு இல்லை. 45 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் குறைந்திருக்கலாம். பங்கேற்றவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே கிடையாது.

இருந்தாலும் மாட்டுவதா போடுவதா என்று கேட்டால் என் ஓட்டு போடுவதற்கே. சுவரில் இருக்கும் படம் கொஞ்ச நாளில் கண்ணுக்குப் பழகிக் காணாமல் போய்விடும். உங்கள் வீட்டு ஹால் காலண்டரில் இந்த மாதம் என்ன படம் என்று இப்போது பார்க்காமல் சொல்லுங்கள்.

கொல்லைப்புறம்

பழனி முருகன். வருஷம் முழுக்க அவர்தான், ஒரே தாள்.

வெள்ளைச்சீருடை

சிலேட்டு நல்ல யோசனை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து போடும்படி முதுகுக்குத் தலையணை, மடியில் சாய்வாகப் பலகை. சாக்பீஸ் தூசி இருமலைக் கிளப்பினால் ஸ்கெட்ச் பேனாவும் புள்ளி அச்சடித்த தாளும். கையில் நடுக்கம் இருந்தால் தடிமனான பேனா. வரைய முடியாதவர்களுக்குப் பூத்தொடுக்கக் கொடுங்கள், கால் முழம் தொடுத்தாலும் போதும். ஆனால் "தினமும் போடணும் அத்தை" என்று பிசியோதெரபி மாதிரி அதட்டாதீர்கள். அப்படிச் சொன்ன வீடுகளில் இரண்டாம் நாளே சிலேட்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

கிழக்குவாசல்

தாமரைக் கோலம் லட்சுமி கடாட்சம். இதை எல்லாரும் ஒத்துக்கொள்வீர்கள்தானே?

சந்தேகப்பேர்வழி

இன்றைக்கு உங்களோடு சண்டை இல்லை சார். தாமரை இருக்கட்டும்.

ஆடாதொடை (சில வாரம் கழித்து)

கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மருத்துவர் ஒரு தூக்க மாத்திரையை நிறுத்தினார். பாதிச் சோர்வு அதில்தான் இருந்திருக்கிறது. படம் மாட்டி இது சரியாகியிருக்காது. வெள்ளைச்சீருடை அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வெற்றிலைக் கொடி வைத்தேன். இன்னும் செங்கல்தான் தெரிகிறது, ஆனால் தினமும் காலையில் "தண்ணி ஊத்தினியா" என்ற கேள்வி வருகிறது. சிலேட்டில் ஒரு நாள் போடுவார், இரண்டு நாள் தொட மாட்டார். நான் ஒன்றும் சொல்வதில்லை. என் பெண் பள்ளியிலிருந்து வந்து அழித்துவிட்டுத் தன் கோலத்தைப் போட்டால் மட்டும் கோபம் வருகிறது, உடனே பக்கத்தில் வேறு போடுகிறார். வரைபலகை சொன்ன தாவரப் படங்களில் சிலவற்றை அச்செடுத்தேன். பேத்திதான் தீட்டுகிறாள். அத்தை பார்த்துவிட்டு இலை இப்படியா இருக்கும் என்று வெள்ளைக்காரன் புத்தகத்தையே திருத்துகிறார். வரைந்தது நம்மாள் என்று சொன்னேன், அதனால் மன்னிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை.

குளத்துக் கதைதான் பெரிசு. எந்தக் குளம் என்று கேட்டாரே, அதனால் ஊரில் இருக்கும் கொழுந்தனார் மகனிடம் வீட்டு எதிர்க் குளத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். சின்னதாக ஒன்று அச்செடுத்துக் காட்டினோம். பார்த்ததும், "இது யாரு வீட்டுக் குளம்?" என்றார். "நம்ம குளம்தான் அத்தை." "நம்ம குளத்துல படித்துறை இந்தப் பக்கமா இருக்கு? மேலண்டைக் கரையில இலுப்பை மரம் எங்க?" பையன் எதிர்க்கரையிலிருந்து எடுத்துவிட்டான். போனில் அவனை அழைத்து, எங்கே நிற்க வேண்டும், எந்த நேரத்தில் எடுத்தால் தண்ணீர் தெரியும், ஆகாயத்தாமரையை வாரிப் போட்டார்களா, பஞ்சாயத்தில் யார் இப்போது என்று அரை மணி நேரம் பேச்சு. விழுந்த பிறகு இவ்வளவு பேசி நாங்கள் கேட்கவில்லை. இலுப்பை மரம் போன புயலில் விழுந்துவிட்டதாம், அது தெரிந்ததும் கொஞ்சம் வருத்தம். பனங்கூடல் அண்ணா, உங்களை நினைத்துக்கொண்டேன். அழவில்லை. "மரம் போனா போகுது, படித்துறையை ஒழுங்கா எடு" என்றார்.

சந்தேகப்பேர்வழி

ஒன்றைக் கவனித்தீர்களா? இதில் வேலை செய்தது சரியான படம் இல்லை, தப்பான படம். இதை எந்த ஆராய்ச்சியிலும் அளக்க மாட்டார்கள்.

பனங்கூடல்

அவவே சொல்லி, அவவே திருத்தி எடுத்த படம். எங்கள் அப்பாவுக்கு நாங்கள் அதைச் செய்யவில்லை.

ஆடாதொடை

புதுப் படம் வந்துவிட்டது, அத்தை "பரவாயில்லை" என்று பாஸ் போட்டுவிட்டார். கால்மாட்டில் மாட்ட மூன்றடிக்கு இரண்டடியில் கேன்வாஸ் பிரிண்ட் போடலாம் என்று இருக்கிறோம். வீட்டுக்காரர் ஒரு ஆணிக்கு ஒத்துக்கொண்டார், ஒன்றே ஒன்று. மரச்சட்டம் சார், வாட்ஸ்அப்பில் வந்த படத்தையே கடையில் கொடுக்கலாமா?

மரச்சட்டம்

கூடாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் தண்ணீர் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். தம்பியை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லை மெயிலில். அத்தைக்குக் கண்புரை இருந்தால் கடையில் கொடுக்கும்முன் அதைச் சொல்லி கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள், படித்துறை விளிம்பு பளிச்சென்று தெரியவேண்டும். கேன்வாஸ் கனம் குறைவு, கட்டையோடு இழுத்து ஆணியடித்துத் தருவார்கள், உங்கள் ஒற்றை ஆணி தாங்கும். கீழ் விளிம்பு இரண்டு பக்கமும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டச் சொல்லுங்கள், விசிறிக் காற்றில் ஆடாது.